"செட் ஆகலை" என்றால் எது ஆகவில்லை?

அக்கா மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுக் கோபியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு "என்ன கண்ணு ஆச்சு?" என்று கேட்டார். செல்போனைப் பார்த்தபடியே "செட் ஆகலைங்க அம்மிச்சி" என்றான். அம்மா விடவில்லை. "செட் ஆகலைன்னா என்ன சாமி? பொருத்தம் சேரலையா, தூரந்தொலைவு தோதுப்படலையா, அவிய கேக்கறது நமக்குக் கட்டுபடியாகலையா, இல்லை உனக்குத்தான் மனசு ஒப்பலையா?" அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "செட் ஆகலைங்க, அவ்வளவுதான்" என்று எழுந்து உள்ளே போய்விட்டான்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி இல்லை, நான்கு கேள்வி. நான்குக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேறு வேறு. பொருத்தம் சேரவில்லை என்றால் இன்னொரு ஜோசியரைப் பார்ப்பார்கள், அல்லது அதோடு விட்டுவிடுவார்கள். தோதுப்படவில்லை என்றால் பேசிச் சரி செய்யலாம், கட்டுபடியாகவில்லை என்றாலும் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசலாம். மனசு ஒப்பவில்லை என்றால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. இதெல்லாம் போக, "கூடி வரலைங்க" என்று ஒன்று இருக்கிறது. அதில் யார் மேலும் குற்றம் இல்லை, பெண் வீட்டாருக்குச் சொல்லி அனுப்பவும் மரியாதையான சொல் அதுதான். இத்தனையும் போய் இப்போது நம் கையில் மிஞ்சி இருப்பது "செட் ஆகலை". அன்று ராத்திரி முழுக்க இதே நினைப்பாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொல் வந்துவிட்டதே என்று அழுகிற பதிவு இல்லை இது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் 'செட்' எங்கள் ஊர்ப்பக்கம் நன்றாக உழைத்த சொல். பம்ப்செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் கவலை இறைத்தார்கள், இரண்டு மாடு வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்க, சால் கிணற்றிலிருந்து மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். 1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து, பிறகு கோயம்புத்தூரிலேயே மோட்டாரும் பம்பும் செய்ய ஆரம்பித்த பிறகு, மோட்டார் ஒரு இயந்திரம், பம்பு இன்னொரு இயந்திரம், இரண்டையும் ஒன்றாக இணைத்து உட்கார வைத்ததால் அது செட். அப்புறம் மோனோபிளாக் என்று இரண்டும் ஒரே உடம்பாக வந்துவிட்டது, ஆனாலும் நாம் செட் என்பதை விடவில்லை. 1970இல் விவசாய மின்கட்டணத்தை யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதற்கும், 1972இல் விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளை ஓட்டி வந்து கோயம்புத்தூர்த் தெருக்களை அடைத்ததற்கும் நடுவில் ஓடிய பேச்சு முழுக்க இந்தப் பம்ப்செட்டைப் பற்றியதுதான். அப்படி ஒரு சொல்லை அந்நியம் என்று நான் எப்படிச் சொல்வேன்? எங்கள் அப்பாரு சாகும்வரை இங்கிலீசில் கையெழுத்துக்கூடப் போட்டதில்லை, ஆனால் பம்ப்செட் அவருடைய சொல்.

சேலத்துக்குப் போனால் தட்டுவடை செட். பொழுதோட ரோட்டோர வண்டியில் நின்று பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சட்னியைத் தடவி, துருவின கேரட்டும் பீட்ரூட்டும் பொடியாக நறுக்கின வெங்காயமும் கொஞ்சம் அள்ளி வைத்து, பச்சைச் சட்னி தடவின இன்னொரு தட்டுவடையை மேலே கவிழ்த்து விரலால் லேசாக ஓர் அழுத்து அழுத்துவார். அந்த அழுத்துதான் செட். இரண்டு இட்லி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது சோடி, இது சோடி இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டி, நடுவில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, ஒரே வாயில் போக வேண்டும். இதற்குச் 'செட்' என்று பேர் வைத்தவர் யாரோ, அவருக்குச் சொல்லின் அளவு தெரிந்திருக்கிறது.

ஆங்கிலத்திலேயே இது லேசுப்பட்ட சொல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் வருடத்து இரண்டாம் பதிப்பில் மிக நீளமாக விளக்கம் எழுதப்பட்டது இதற்குத்தான். வினையாக மட்டும் 430 பொருள், மொத்த விளக்கம் 60,000 வார்த்தை. பிற்பாடு திருத்தும்போது 'ரன்' முந்திக்கொண்டு 645 பொருளோடு நிற்கிறது, அது வேறு. எனக்குப் பிடித்தது இதன் பிறப்பு. உண்மையில் இரண்டு சொல், இரண்டு வழியில் வந்து ஒரே எழுத்தில் முடிந்திருக்கின்றன. ஒன்று பழைய ஆங்கிலத்து வினை, உட்கார வைப்பது என்று பொருள். நம் 'அமர்' 'அமர்த்து' ஆவதுபோல அங்கே 'சிட்' 'செட்' ஆகியிருக்கிறது. இன்னொன்று லத்தீனில் 'செக்டா', ஒருவர் பின்னால் போகிற கூட்டம், அது பிரெஞ்சு வழியாக வந்து தொகுதி என்ற பொருளில் நின்றுவிட்டது. நாம் இரண்டையும் வாங்கிக்கொண்டோம். கொத்தனார் "செட் ஆகட்டும், கை வைக்காதீங்க" என்று சொல்வது முதலாவது. "அவனும் நானும் ஒரே செட்டு" என்று கூடப் படித்தவனைச் சொல்வது இரண்டாவது.

கொத்தனார் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாதாரண சிமெண்டு அரை மணி நேரத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிக்க வேண்டும் என்று இந்தியத் தரக் கணக்கே இருக்கிறது. இறுக ஆரம்பிக்கும்வரை கரண்டி போடலாம், அதற்குப் பிறகு தொடக்கூடாது. அவர் வாயில் 'செட்' ஒரு நேரத்தைக் குறிக்கிறது, துல்லியமான சொல். கோயில் நோம்பிக்குத் தென்னை மரத்தில் குழாய் கட்டுகிற மைக் செட், கிரவுண்டில் பையன்கள் 25 பாயிண்டுக்கு ஆடுகிற வாலிபால் செட், எல்லாமே தனித்தனிப் பொருளைத் தெளிவாகப் பிடித்து வைத்திருக்கின்றன. வீட்டுக்குள் இருக்கிற செட்டாப் பாக்ஸ்கூட டிவி செட்டின் தலை மேல் உட்கார்ந்ததால் வந்த பேர், டிவி தகடுபோல் ஆன பிறகு தலையும் இல்லை மேலும் இல்லை, பேர் மட்டும் நிற்கிறது.

இன்னொரு பக்கம், நம்மிடம் கூர்மையான சொல் இருந்த இடத்தில் இந்தச் செட்டுக்கு வேலையே இருக்கவில்லை. ஆங்கிலத்தில் தயிரும் செட் ஆகும், நமக்குத் தயிர் உறையும். அவர்களுக்குச் சூரியன் செட் ஆகும், நமக்குப் பொழுது சாயும். நட்டு வைக்கிற கரும்புத் துண்டும் அவர்களுக்கு ஏறக்குறைய அதே சத்தம்தான், நமக்குக் கரணை. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'கணம்' என்று போட்டிருக்கிறார்கள், பூத கணம் என்று சொல்கிறோமே அந்தக் கணம், நல்ல சொல். எங்கள் பக்கம் 'கட்டுசெட்டா' என்று வேறு சொல்வார்கள். அது இங்கிலீசு இல்லை, நம்முடைய பழைய 'செட்டு', சிக்கனம் என்று பொருள். அம்மா இன்றைக்கும் "கட்டுசெட்டாப் பொழைக்கோணும்" என்பார். இப்போது அதைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் ஏதோ செட் என்று நினைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

என் கோபம் 'செட் ஆகலை' ஒன்றின் மேல்தான். வேலை செட் ஆகலை, ஊர் செட் ஆகலை, சாப்பாடு செட் ஆகலை, மருமகள் செட் ஆகலை, மாத்திரை செட் ஆகலை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் வயிறா தலையா என்று அடுத்த கேள்வி தானாக வரும். சட்டை பொருந்தவில்லை, ஊர்த் தண்ணீர் பிடிக்கவில்லை, சம்பளம் கட்டுபடியாகவில்லை, மேஸ்திரியோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றும் காரணத்தைத் தன் மேலேயே எழுதிக்கொண்டு வருகிற சொல். 'செட் ஆகலை' மட்டும் காரணத்தை மறைத்துவிட்டுக் கதவையும் சாத்துகிறது. சொல்கிறவனுக்குச் சௌகரியம், கேட்கிறவர்தான் வெளியே நிற்க வேண்டும்.

நான் திருப்பூரில் பதினெட்டு வருடமாக மெர்ச்சண்டைசிங் வேலையில், அதாவது பனியன் ஆர்டர்களைக் கவனிக்கிற வேலையில் இருக்கிறேன். பல்க், அதாவது மொத்த ஆர்டர், தைப்பதற்கு முன்னால் எல்லா அளவிலும் துணி தைத்து, பையர் என்று நாங்கள் சொல்கிற வாங்கும் கம்பெனிக்குச் 'சைஸ் செட்' அனுப்புவோம், ஒரு அளவு குறைந்தாலும் அது செட் இல்லை. அதற்கு வருகிற பதிலில் ஒருநாளும் "சரியில்லை" என்று மட்டும் இருந்ததில்லை. எம் சைஸில் கழுத்து அரை சென்டிமீட்டர் அகலம், எக்ஸ்எல்லில் கை இறுக்கம், தோள் தையல் இழுக்கிறது என்று இடம் காட்டி எழுதியிருப்பார்கள், அதனால்தான் எங்களால் திருத்த முடிகிறது. ஒரு பனியனுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை ஒரு வரனுக்கும் ஒரு வேலைக்கும் ஒரு மனுசனுக்கும் கிடைக்க வேண்டாமா என்று கேட்கிறேன்.

புதன்கிழமை ராத்திரி அக்கா போன் செய்தாள். அம்மா அவனைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு தடவை கேட்டிருக்கிறார். இந்தத் தடவை சொல்லிவிட்டானாம். "அந்தப் புள்ளைக்கு மேல படிக்கோணும்னு ஆசை இருக்குதுங்க அம்மிச்சி. காபி கொண்டாந்து குடுக்கறப்பவே கண்ணு கலங்கி இருந்துச்சு. அவிய வீட்லதான் அவசரப்படறாங்க. எனக்கு மனசு ஒப்பலை." அக்கா அது வரைக்கும் மகன் பெண்ணைத்தான் குறை சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், பெண் வீட்டாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நாளைக்கு அக்காவும் மாமாவும் மறுபடி பெருந்துறை போகிறார்கள், புள்ளை படித்து முடிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டு வர.