‘விண்டர்பர்ன் யாரு?’ என்று கேட்ட தம்பிக்கு

நேற்று இரவு நம் ஆர்சனல் கால்பந்து ரசிகர் குழுவில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு முதலிலிருந்து விளக்கும் பொறுமை எனக்கு இல்லை. ‘நம் கிளப்பின் ஆகச் சிறந்த லெஃப்ட் பேக் (தடுப்பு வரிசையில் இடது ஓரத்தில் ஆடுபவர்) யார்’ என்று ஒரு வாக்கெடுப்பு. நான்கு பெயர்கள். ஆஷ்லி கோல், கென்னி சான்சம், கிளிஷி, மொன்ரியால். முடிந்தது. நைஜல் விண்டர்பர்ன் பெயரே இல்லை.

வாக்கு விழாமல் தோற்றிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். இங்கே பந்தியில் இலையே போடவில்லை. ‘ஒரு பெயர் விட்டுப்போச்சே’ என்று பணிவாகத்தான் கேட்டேன். பதில்கள் என்ன வந்தன? ‘யாரு அது, கிரிக்கெட் பிளேயரா?’ ‘பேரைக் கேட்டா பழைய சீலிங் ஃபேன் கம்பெனி மாதிரி இருக்கே.’ இதற்கு நாற்பது பேர் சிரிப்பு. கடைசியாக ஒரு தம்பி: ‘பூமர் அங்கிள், நீங்க ரெஸ்ட் எடுங்க.’

சரி, ரெஸ்ட் எடுத்தேன். தூக்கம் வரவில்லை. அதனால் இது.

முதலில் ஒரு விஷயம். தமிழில் எழுதும்போது ஆஷ்லி கோலின் பெயரும் வலைக்குள் போகிற கோலும் ஒன்றாகிவிடுகின்றன. குழப்பம் வேண்டாம் என்று ‘ஆஷ்லி’ என்றே எழுதுகிறேன். பாசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வியைத் திரும்பப் படியுங்கள். ‘நம் கிளப்பின்’ சிறந்த லெஃப்ட் பேக். ஆர்சனல் சட்டை போட்டவர்களில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று கேட்கவில்லை. இங்கிலாந்தின் சிறந்தவர் யார் என்றும் கேட்கவில்லை. கிளப்புக்காக யார் அந்த இடத்தில் நின்றார், எத்தனை வருஷம் நின்றார், நின்றபோது என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. விண்டர்பர்ன் 1987-இல் விம்பிள்டனிலிருந்து வந்தார், 2000-இல் போனார். 13 வருஷம், 584 ஆட்டங்கள். கிளப் வரலாற்றில் அவரைவிட அதிகம் ஆடியவர்கள் நான்கே பேர். ஆஷ்லி ஆடியது 228. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 13 வருஷத்தில் மூன்று லீக் பட்டங்கள், 1989, 1991, 1998. எஃப்.ஏ. கோப்பை இரண்டு. லீக் கோப்பை ஒன்று. 1994-இல் கோபன்ஹேகனில் பார்மாவை 1-0 என்று வென்று எடுத்த ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை ஒன்று. 1990-91 சீசனில் 38 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 18. 1998-99-இல் 17! அந்த வருஷம் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை மான்செஸ்டர் யுனைடெடிடம் விட்டோம், அந்த வயிற்றெரிச்சல் தனி. நீங்கள் கொண்டாடுகிற, நானும் கொண்டாடுகிற, ஒரு ஆட்டம்கூடத் தோற்காத 2003-04 அணி வாங்கிய கோல்கள் 26. சும்மா சொல்லி வைக்கிறேன்.

விண்டர்பர்னை எனக்குக் காட்டியது என் அண்ணன். அவன் பள்ளி அணியில் லெஃப்ட் பேக். வீட்டில் டிவி கூடத்தில், அப்பா அடுத்த அறையில். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு இருட்டில் பார்ப்போம். பந்து போகிற பக்கமெல்லாம் நான் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பேன். அவன் மண்டையில் ஒரு தட்டு தட்டி, ‘டேய், பந்தைப் பாக்காத. பின்னாடி நிக்கிற நாலு பேரைப் பாரு’ என்பான். கேமரா அவர்களை எப்போதாவதுதான் காட்டும். காட்டும் அந்த இரண்டு விநாடியில் பார்க்க வேண்டும். எதிரணி நடுக்களத்தில் ஒருவன் பந்தை அடிக்கக் காலைப் பின்னால் இழுப்பான். அந்த நொடியில் டிக்சன், போல்ட், ஆடம்ஸ், விண்டர்பர்ன் நான்கு பேரும் ஒரே ஆள் மாதிரி இரண்டு எட்டு முன்னால் வருவார்கள். ஆடம்ஸ் கை மேலே. லைன்ஸ்மேன் கொடி மேலே, ஆஃப்சைடு: நான்கு பேருக்கும் பின்னால் மாட்டிக்கொண்டவனுக்குப் பந்து போனால் செல்லாது. எதிரணி ஸ்ட்ரைக்கர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். அப்போதைய மேனேஜர் ஜார்ஜ் கிரஹாம் நான்கு பேரையும் கயிற்றால் கட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தார் என்று சொல்வார்கள். கயிறு இல்லாதபோதும் அப்படித்தான் நகர்ந்தார்கள்.

1997 செப்டம்பரில் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சியோடு ஆட்டம். 2-2. நம் இரண்டும் பெர்க்காம்ப் அடித்தவை. 89-ஆவது நிமிஷம். இடதுபுறம் விண்டர்பர்னிடம் பந்து வருகிறது. ‘இவன் எங்கே அடிக்கப்போறான்’ என்று எதிரே யாரும் ஓடிவரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு தட்டு தட்டி உள்ளே வந்து, அவ்வளவு தூரத்திலிருந்து இடது காலால் ஒரே சாத்து. மேல் மூலை. கத்தினால் அப்பா எழுந்துவிடுவார். அண்ணன் தலையணையை எடுத்து முகத்தில் அமுக்கிக்கொண்டு கத்தினான், பிறகு அதை என்னிடம் கொடுத்தான், நானும் கத்தினேன். தலையணை அவன் எச்சிலில் ஈரமாக இருந்தது. இன்றைக்கும் அந்த கோலை நினைத்தால் எனக்கு அந்த ஈரம்தான் முதலில் வரும். அந்த வருஷம் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்தே வந்தன.

இதைத்தான் தம்பி ஃபேன் கம்பெனி என்கிறார்.

‘ஆஷ்லி இங்கிலாந்துக்காக 107 ஆட்டம். உங்க ஆள் 2.’ ஆமாம், இரண்டே இரண்டுதான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் லெஃப்ட் பேக் இடத்தில் ஸ்டூவர்ட் பியர்ஸ் பட்டா போட்டு உட்கார்ந்திருந்தார். அது விண்டர்பர்ன் குற்றமா? அப்புறம், நாட்டுக்கு ஆடியதுதான் அளவுகோல் என்றால், சான்சம் 86 ஆட்டம் ஆடியதில் 77 ஆர்சனல் ஆட்டக்காரராக ஆடியவை. ஆஷ்லியின் 107-ஐ நமக்கும் செல்சிக்கும் பங்கு பிரித்தால் நம் பங்கு அதன் பக்கத்தில்கூட வராது. அப்படியானால் நீங்கள் சான்சமுக்கு அல்லவா குத்தியிருக்க வேண்டும்? குத்தினீர்களா? இல்லை. அளவுகோலை வசதிக்குத் தகுந்தபடி வளைக்கிறீர்கள்.

‘அவருக்கு ஒரு கால்தானே.’ உண்மை. வலது கால் நிற்பதற்கு மட்டும். அந்தக் காலோடு வந்தவரை முதல் சீசனில் ரைட் பேக்காக ஆட வைத்தார்கள், இடதுபக்கம் சான்சம் இருந்ததால். முணுமுணுக்காமல் ஆடினார். இன்றைக்கு யாராவது ஆடுவார்களா? ஏஜென்ட் மறுநாளே பேட்டி கொடுத்துவிடுவார்.

‘1988 லீக் கோப்பை ஃபைனலில் லூட்டனுக்கு எதிராகப் பெனால்டியைக் கோட்டை விட்டவர்தானே?’ விக்கிப்பீடியாவைத் திறந்து இதை எடுத்துப்போட்ட நண்பருக்கு நன்றி. ஆமாம். 2-1 என்று முன்னால் இருந்தோம். லூட்டன் கோல்கீப்பர் டிப்பிள் பெனால்டியைத் தடுத்தார். லூட்டன் 3-2 என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த வருஷம் மே 26, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு. இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் பட்டம். அன்றைக்கு முதல் கோலுக்கான ஃப்ரீ கிக்கை எடுத்தது யார்? வளைந்து உள்ளே போன அந்தப் பந்தில் ஆலன் ஸ்மித் தலையை வைத்தார். மைக்கேல் தாமஸ் கடைசி நிமிஷத்தில் அடித்ததை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறீர்களே, முதல் கோல் இல்லாமல் இரண்டாவது எங்கிருந்து வந்திருக்கும்? நான் அதை நேரலையில் பார்க்கவில்லை, பிற்பாடு வீடியோவில்தான். ஆனால் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா?

‘ஆஷ்லி மாதிரி மேலே ஏறி ஆடுவாரா?’ ஆடமாட்டார். ஒப்புக்கொள்கிறேன். பிரெஸ், ஆன்றி, ஆஷ்லி மூன்று பேரும் இடதுபக்கம் சேர்ந்து ஆடியதைப்போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2003 நவம்பரில் கீவ் அணிக்கு எதிராக, சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியே போகப்போகிறோம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம், 88-ஆவது நிமிஷத்தில் தலையால் பாய்ந்து அடித்தாரே, அன்றைக்கு நானும் துள்ளினேன். அப்போது தலையணை தேவைப்படவில்லை. யூரோ 2004-இல் சின்னப் பையன் ரொனால்டோவை அவர் கட்டிப்போட்டதையும் பார்த்தேன். நான் குருடன் இல்லை.

‘அப்புறம் என்ன? உங்களுக்கு அவர் செல்சிக்குப் போன கோபம், அவ்வளவுதானே’ என்பீர்கள். இல்லை. சத்தியமாக இல்லை. 2005 ஜனவரியில் நம்மோடு ஒப்பந்தத்தில் இருக்கும்போதே லண்டன் ஓட்டலில் செல்சி மேனேஜர் மொரீனியோவோடும் செல்சி ஆட்களோடும் உட்கார்ந்து பேசினார், பிரீமியர் லீக் விசாரித்தது, செல்சிக்கு 3 லட்சம் பவுண்டு அபராதம், ஆஷ்லிக்கு 1 லட்சம், மேல்முறையீட்டில் 75 ஆயிரமாகக் குறைந்தது, இதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருப்பதால் கோபம் என்று அர்த்தமா? 2006 மே மாதம் பாரிஸில் பார்சிலோனாவோடு ஃபைனலில் நம் சட்டையில் ஆடினார். ஆகஸ்ட் 31-ஆம் தேதி செல்சிக்காரர். பதிலுக்கு 50 லட்சம் பவுண்டும் கல்லாஸும் வந்தார்கள். கல்லாஸுக்கு, ஒரு டிஃபெண்டருக்கு, பெர்க்காம்பின் 10-ஆம் எண் சட்டையைக் கொடுத்தார்கள் பாருங்கள், அந்தக் கொடுமையை எழுத இன்னொரு பதிவு வேண்டும். பிறகு 2012-இல் செல்சிக்காக அதே சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். ஷூட்அவுட்டில் பெனால்டியை அடித்தும் கொடுத்தார். நல்லா இருக்கட்டும். மைதானத்தில் ‘கேஷ்லி’ (கேஷுக்காகப் போனவன்) என்று கத்தினார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவைதான் நானும் டைப் செய்தேன்.

விண்டர்பர்னும் வெஸ்ட் ஹாமுக்குப் போனாரே என்று யாராவது இப்போதே தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். 36 வயதில் போனார் ஐயா. சில்வினோ வந்த பிறகு, இடம் இல்லை என்று தெரிந்த பிறகு, ஓசைப்படாமல் போனார். இரண்டும் ஒன்றா?

உண்மையில் பட்டங்களை மட்டும் எண்ணினால் இவர்கள் யாருமே கிடையாது, எடி ஹாப்குட்தான். 1927-இல் கெட்டரிங் அணியிலிருந்து வந்தவர், அதற்கு முன் பால் வண்டி ஓட்டியவர். 1930-களில் ஐந்து லீக் பட்டங்கள். 1934-இல் நம் பழைய மைதானமான ஹைபரியில் இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தில் இங்கிலாந்தின் கேப்டன். மூக்கு உடைந்து வெளியே போய், கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து ஆடினார். அவர் பெயரும் உங்கள் பட்டியலில் இல்லை. அவரை நானும் பார்த்ததில்லை என்பது நியாயமான கேள்வி, அதைக் கேட்டுவிடாதீர்கள்.

ஹாப்குட் பிற்காலத்தில் பண நெருக்கடியில் கிளப்புக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். கிளப் அனுப்பியது 30 பவுண்டு. இதை நானே எடுத்துக்கொடுக்கிறேன், ‘கிளப்புக்கே விசுவாசம் இல்லை, ஆஷ்லியிடம் மட்டும் ஏன் எதிர்பார்க்கிறீர்கள்’ என்று கேட்க வசதியாக. எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி யோசித்தும் வரவில்லை. ஆனாலும் ஃபேன் கம்பெனி என்று சிரித்தது தப்புதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாக்கெடுப்பில் யார் யாருக்குக் குத்தினார்கள் என்று பெயர்கள் தெரியும். காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஆஷ்லிக்கு விழுந்த வாக்குகளில் என் அண்ணன் பெயர். போன் போட்டேன். ‘விண்டர்பர்ன் பேர் லிஸ்ட்ல இல்லைன்னு நீயாவது கேக்கக் கூடாதா?’ என்றேன். ‘இருந்திருந்தாலும் ஆஷ்லிக்குத்தான்டா போட்டிருப்பேன்’ என்றான். ‘லெஃப்ட் பேக்கா ஆடுனவன் நான். எனக்குத் தெரியாதா?’ அந்தத் தலையணை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். எந்தத் தலையணை என்றான். பேரன் அழுகிறான், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

சரி, அவன் வாக்கு அவன் உரிமை.

அட்மினுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வாரம் ரைட் பேக் வாக்கெடுப்பாம், கேள்விப்பட்டேன். லீ டிக்சன், 619 ஆட்டங்கள். இப்போதே சொல்லிவிட்டேன்.