யுனிசெக்ஸ் என்றால் யாருடைய அளவு?

'யுனிசெக்ஸ்', அதாவது ஆணும் பெண்ணும் அணியலாம், என்று போட்டிருந்த சட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். போட்டுப் பார்த்தால் தோள் தையல் கைக்கு இறங்கிவிட்டது, இடுப்பில் இறுக்கிப் பிடிக்கிறது, பித்தான்கள் ஆண்கள் சட்டையில் இருப்பதுபோல வலப்பக்கம். அது ஆண்கள் சட்டையேதான். மேலே ஒட்டிய பெயர்தான் வேறு.

1960-களில் புழக்கத்துக்கு வந்த சொல் இது. ரூடி கெர்ன்ரைக் என்ற வடிவமைப்பாளர் 1970-இல் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தலையை மழித்து, ஒரே மாதிரி உடையில் நிறுத்திக் காட்டினார். உடையைப் பார்த்து ஆளைப் பிரிக்க முடியாதபடி செய்வது அவர் எண்ணம். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் ஆண் உடையைப் பெண்ணுக்கும் விற்பதற்குத்தான் பயன்படுகிறது. பாவாடைக்கு யுனிசெக்ஸ் என்று பெயரிட்டு ஆண்கள் பிரிவில் வைத்திருப்பதை நான் பார்த்ததேயில்லை.

பெண் பேன்ட் போட்டதும்கூடச் சும்மா நடந்துவிடவில்லை. ஆண் உடை அணிய விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 1800-இல் பாரிஸில் ஓர் ஆணை போட்டார்கள். வழக்கொழிந்து கிடந்த அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறைப்படி அறிவித்தது 2013-இல்தான். இன்னொரு பக்கம், குதிகால் உயர்ந்த செருப்பு ஐரோப்பாவில் முதலில் ஆண்களின் மிடுக்கு. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகால் வைத்த செருப்போடு ஓவியத்துக்கு நின்றிருக்கிறார். அது பெண்களுடையது ஆனபின் ஆண்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

உடைக் கடைகளில் புழங்கும் 'ஆண்ட்ரோஜினஸ்' என்ற சொல் வேறு. ஆணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் பெண்ணைக் குறிக்கும் சொல்லும் அதில் ஒட்டியிருக்கின்றன. இரண்டின் சாயலும் ஒருவரிடம் கலந்து தெரிவது அது. கடைக்காரர்கள் இதையும் யுனிசெக்ஸையும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள்.

தமிழில் 'இருபாலருக்கும் ஏற்றது' என்று எழுதுகிறோம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. முதலில் இரண்டாகப் பிரித்துவிட்டுப் பிறகு சேர்க்கிறது; அந்த இரண்டிலும் தன்னை வைக்காதவர்களை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. நம் இலக்கணத்தில் பலர்பால் என்று ஒன்று இருக்கிறதே! 'வந்தார்கள்' என்றால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. 'அவர்' என்பதும் அப்படித்தான். இத்தனை இயல்பான பொதுமையை வைத்துக்கொண்டு, 'பொது உடை' என்று சொல்ல நமக்கு என்ன தயக்கம்? ஆனால் அப்படிப் பெயர் வைத்தால் தோளும் இடுப்பும் எல்லா உடம்பையும் நினைத்து வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

சட்டையைத் திருப்பி அனுப்பினேன். காரணம் கேட்ட இடத்தில் 'அளவு சரியில்லை' என்பதை விட்டுவிட்டு, 'விவரத்தில் சொன்னது வேறு, வந்தது வேறு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.