சீட்டு எழுதும் மேசை தண்டனை அல்ல

மூன்று நாட்களாக அந்தப் படம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் விவரிக்கத் தேவையில்லை. எந்த ஊர், எந்தச் சபை என்று நானும் இங்கே எழுதப் போவதில்லை. மருத்துவமனை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அருட்சகோதரி ஒருவர், எதிரே நிற்கும் பெரியவருக்குப் புறநோயாளிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். படத்துக்கு மேலே, "மே மாதம் வரை மாநிலத் தலைவி, இன்று சீட்டு எழுதுகிறார், இதுதான் கன்னியர் மடம் காட்டும் நன்றி" என்று எழுதி, அழுகிற முகங்கள் நான்கையும் சேர்த்துப் பரப்பியிருக்கிறார்கள். (சபையின் ஒரு பகுதியில் உள்ள மடங்களுக்கெல்லாம் பொறுப்பானவரைத்தான் மாநிலத் தலைவி என்பார்கள்.) பங்குக் கோவிலைச் சேர்ந்த மக்கள் தொடங்கி, கிறிஸ்துமஸுக்குக் கூடக் கோவில் வாசலை மிதிக்காதவர்கள் வரை அங்கே வந்து வரிசையாகக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

"உங்கள் அக்காவும் கன்னியர்தானே, ஏன் வாய் திறக்கவில்லை" என்று என்னையும் அதில் டேக் செய்து கேட்டிருப்பதால் எழுதுகிறேன். அந்தச் சகோதரியை யாரும் தண்டிக்கவில்லை. அவருடைய பதவிக்காலம் முடிந்தது, அவர் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார். நடந்தது இவ்வளவுதான்.

துறவற சபைகளில் தலைமை என்பது தவணை முறையில் வருவது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 624ஆம் எண், தலைவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கே நியமிக்கப்பட வேண்டும் என்றும், இடைவெளி இல்லாமல் நெடுங்காலம் ஆளும் பொறுப்பில் தங்கிவிடாதபடி ஒவ்வொரு சபையும் தனக்கு விதி செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. 626ஆம் எண் அதைவிடச் சுவையானது: தனக்காகவோ பிறருக்காகவோ நேரடியாகவோ மறைமுகமாகவோ ஓட்டுச் சேகரிக்கக் கூடாது என்கிறது. நம் ஊர்ப் பங்குப் பேரவைத் தேர்தலைப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். ஆக, ஏறும்போதே இறங்கும் நாளும் தெரிந்துதான் அவர்கள் ஏறுகிறார்கள். தெரிந்த நாளில் இறங்கியவரைப் பார்த்து "தூக்கியடித்துவிட்டார்கள்" என்று எழுதுவதற்கு ஒன்று அறியாமை வேண்டும், அல்லது யார்மீதாவது தீர்த்துக்கொள்ளாத பழைய கணக்கு வேண்டும்.

உலகமே அறிந்த ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். 1950இல் தான் தொடங்கிய சபையின் தலைமையிலிருந்து விலக அன்னை தெரசா 1990இலேயே முன்வந்தார். சகோதரிகள் விடவில்லை, மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1997 மார்ச் 13 அன்றுதான் சகோதரி நிர்மலா அவருடைய இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றிலிருந்து செப்டம்பர் 5ஆம் தேதி இறக்கும் வரை, ஏறக்குறைய ஆறு மாதங்கள், தான் உண்டாக்கிய சபையிலேயே அன்னை தெரசா தலைவி அல்லாத ஒரு சகோதரியாக இருந்தார். நிர்மலாவோ "அன்னை" என்று தன்னை அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சகோதரியாகவே 12 ஆண்டுகள் நடத்தினார். 2009 ஜனவரியில் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் மேரி பிரேமா அவருக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டின் இரண்டாவது உயரிய குடிமை விருது கிடைத்த இரண்டே மாதத்தில் பதவி போய்விட்டதே என்று கொல்கத்தாவில் யாராவது அழுகிற முகம் போட்டார்களா?

என் அக்காவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவருக்குப் பிடிக்காது. ஆனால் கேட்டது நீங்கள்.

அக்கா கணக்கு ஆசிரியை, பிறகு தலைமையாசிரியை, அதன்பின் ஆறு ஆண்டுகள் மாநிலத் தலைவி. புதியவர் பொறுப்பேற்ற அன்று மதியமே சாவிக்கொத்து, காசோலைப் புத்தகம், கணக்கு நோட்டுகள் எல்லாவற்றையும் ஒப்படைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். செல்பேசியையும் கொடுத்துவிட்டார். அந்த எண் மாநில இல்லத்துக்குச் சொந்தமானது. இது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வழக்கம்போல அழைத்தேன். "மாநிலத் தலைவி பேசுகிறேன், சொல்லுங்கள்" என்று முன்பின் கேட்டறியாத குரல். ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. என் அக்காவின் எண்ணில் என் அக்கா இல்லை.

பணிமாற்றக் கடிதத்தை அவர்கள் "ஒபீடியன்ஸ்" என்பார்கள். அக்காவுக்கு வந்த ஒபீடியன்ஸில், மலையடிவாரத்தில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றின் பண்டகசாலைப் பொறுப்பு எழுதியிருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். சாக்குமூட்டைகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து, படியால் அரிசியை அளந்து குண்டானில் கொட்டிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் நூல் சுற்றியிருந்தது. சுவரில், எந்தக் குழந்தைக்குப் பருப்பு ஒத்துக்கொள்ளாது, யாருக்குக் குழைய வடிக்க வேண்டும், யார் தட்டில் மாத்திரையைப் பொடித்துக் கலக்க வேண்டும் என்று தலைமையாசிரியைக் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, இல்லத் தலைவியின் அறை வாசலில் போய் நின்று, "மதர், தங்கச்சி வந்திருக்கிறாள், அரை மணி நேரம் பேசிவிட்டு வரட்டுமா" என்று கேட்டார். அந்த மதர், அக்கா நவகன்னியர் இல்லத்தில் பொறுப்பாக இருந்தபோது அங்கே பயிற்சிக்கு வந்த பெண். எனக்கு நெஞ்சு அடைத்தது. அதைக் கண்டுகொண்ட அக்கா, "கேட்டது நான், உனக்கு என்னடி கஷ்டம்" என்று சிரித்தார். பதில் சொல்லத் தெரியாமல், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வலியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதல் இரண்டு மாதம் எங்கே போன் அடித்தாலும் தன்னையறியாமல் எழுந்து நின்றதாக அக்காவே பிறகு ஒருநாள் சொன்னார். வலித்ததாலேயே அது தண்டனை ஆகிவிடாது என்றுதான் சொல்கிறேன்.

இப்போது வரப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். "அவ்வளவு அனுபவத்தை வீணடிக்கலாமா" என்பீர்கள். சீட்டு எழுதும் மேசையில் அனுபவம் வீணாகிறது என்று சொல்பவர் அந்த மேசைக்கு எதிரே ஒருநாளும் கையில் காசில்லாமல் நின்றிருக்க மாட்டார். யாரிடம் முப்பது ரூபாய் வாங்குவது, யாரிடம் வாங்காமல் விடுவது, மூச்சு வாங்குகிறவரை வரிசையில் நிற்க வைக்காமல் யாரை முன்னே அனுப்புவது என்பதெல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகிறது. மருத்துவமனைக்கு வருகிற ஏழை முதலில் பார்க்கும் முகம் அங்கே இருப்பவருடையது. அந்தச் சபை நோயாளிகளுக்காக உண்டானது. நிர்வாகம் செய்வதற்காக யாரும் வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) கொடுத்துச் சேருவதில்லை. தலைவியாக இருந்த ஆண்டுகளில்தான் அவர் தன் வேலையிலிருந்து விலகியிருந்தார் என்று நான் சொல்வேன். இப்போது திரும்பி வந்திருக்கிறார்.

"சம்பளம் முழுவதையும் சபை வாங்கிக்கொண்டு கடைசியில் கைவிட்டுவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சம்பளம் சபைக்குப் போவது ஏழ்மை வார்த்தைப்பாட்டின் பகுதி, ஏமாற்று அல்ல. வார்த்தைப்பாடு இருந்தாலும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் அந்தச் சம்பளத்துக்கு மூலத்திலேயே வரி பிடிக்கலாம் என்பது 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. வரி கட்டுகிறார்கள், ஐயா, உங்களைப் போலவே.

"நீ வெளியே இருப்பவள், உனக்கு என்ன தெரியும்?" நீங்களும்தான் வெளியே இருக்கிறீர்கள்.

"அந்த வயதில் அவரை அங்கே உட்கார வைக்கலாமா?" அந்த மேசைக்கு மேலே மின்விசிறி இல்லை என்பதை நானும் படத்தில் கவனித்தேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

"புதிய தலைமை பழிவாங்குகிறது" என்பது அடுத்தது. எந்த மடத்திலும் பழிவாங்கல் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இதற்கு வெளியூர்க் கதை வேண்டாம், மதுரையிலிருந்தே சொல்கிறேன். பாடுகளின் மரியாள் என்ற துறவறப் பெயர் கொண்ட பிரெஞ்சுச் சகோதரி எலன் 1865இல் மதுரை மறைத்தளத்துக்கு வந்து, இரண்டே ஆண்டில் தம் சபையின் மாநிலத் தலைவியானார். பிணக்கு முற்றி, 1876இல் அவர் உட்பட இருபது சகோதரிகள் அந்தச் சபையை விட்டு விலகி ஊட்டியில் கூடினார்கள். 1877 ஜனவரி 6 அன்று பாப்பரசர் 9ஆம் பயஸின் அனுமதியோடு புதிய சபை பிறந்தது. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நடத்தும் எஃப்.எம்.எம். (ஃபிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) சகோதரிகளின் சபை அதுதான். அப்படித் தொடங்கியவரையே 1883இல் தலைமையிலிருந்து நீக்கினார்கள். பாப்பரசர் 13ஆம் லியோ விசாரிக்கச் சொன்னார், அவர்மேல் குற்றமில்லை என்று தெளிவானது, 1884இல் கூடிய சபைப் பேரவை அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்தது. 2002இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கிடைத்தது. நீக்கம் என்றால் அது நீக்கம்: பதவிக்காலம் முடியும் முன், மேலிருந்து வந்த ஆணை. அதையும், தவணை முடிந்து பேரவையில் முறையாகப் பொறுப்பு மாறியதையும் ஒரே தராசில் வைத்தால், உண்மையிலேயே அநீதி நடக்கும் நாளில் சொல்வதற்கு உங்களிடம் வார்த்தை மிச்சம் இருக்காது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பெரிய வியாழனன்று ஆயர் (பிஷப்) பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும் படத்தைப் போட்டு "என்ன தாழ்ச்சி" என்று உருகியது இதே கைதானே? அவர் ஆண்டுக்கு ஒருமுறை, வெந்நீரும் துவாலையும் ஏந்திப் பீடச் சிறுவர்கள் பின்னால் வர, பத்து நிமிடம் குனிந்தால் தாழ்ச்சி. சகோதரி தினமும் காலை ஏழரை மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் அவமானமா? ஆயர்களுக்குத் தவணையும் கிடையாது, தம் மறைமாவட்டத்துக் குருக்களும் மக்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதும் கிடையாது. 75 வயதில் விலகல் கடிதம் கொடுக்கச் சட்டம் கேட்கிறது. இந்தத் திருச்சபையில் தலைமையைத் தேர்ந்தெடுத்து, தவணை முடிந்ததும் இறக்கி, இறங்கியவரைச் சமையலறைக்கும் மருந்தகத்துக்கும் அனுப்பத் தெரிந்தவர்களில் கன்னியரும் உண்டு. அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்களுக்காகப் பரிதாபப்படுகிறார்கள். 2025 ஜனவரியில் சகோதரி சிமோனா பிராம்பில்லா வத்திக்கானில் துறவறத்தாருக்கான துறைக்குத் தலைவரானபோது, முதன்முறையாக ஒரு பெண் என்று எல்லோரும் கைதட்டினோம். பக்கத்திலேயே ஒரு கர்தினாலையும் சேர்த்து நியமித்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிராம்பில்லா மருத்துவச் செவிலியராக இருந்தவர், மொசாம்பிக்கில் மறைப்பணி செய்தவர் என்பதை எத்தனை பேர் பகிர்ந்தோம்? மேலே போனால் மட்டும்தான் சகோதரிகள் நமக்குச் செய்தி.

"நமக்கு" என்று எழுதும்போதே கை தயங்குகிறது. நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்து எங்கள் அம்மா, பெற்ற மகளையே "சிஸ்டர், வாங்க" என்றுதான் அழைத்தார். பெருமை. ஆனால் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஆண்டுகளில் அக்காவின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததில்லை; மாநிலத் தலைவியானதும்தான் சட்டம் போட்டு மாட்டினோம். என் மகனின் கலியாணப் பத்திரிகையில் "மாநிலத் தலைவி அருட்சகோதரி" என்று அக்காவின் பெயர் ஆயரின் பெயருக்கு அடுத்த வரியில் தடித்த எழுத்தில் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து மகளுக்குப் பத்திரிகை அடித்தபோது அந்த வரி இல்லை. அச்சகத்துக்குக் கொடுத்தது என் கணவர் என்று சொல்லித் தப்பிக்கலாம். புரூஃப் பார்த்தது நான். பார்த்தபோது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. அக்கா வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்தார், சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றினார், மாலை பஸ்ஸுக்குப் போனார். அதைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே, அந்தப் பதிவை எழுதியவரே, நீங்கள் மடத்தைக் குறை சொல்லுங்கள், புதிய தலைவியைக் குறை சொல்லுங்கள், முடிந்தால் என்னையும் திட்டுங்கள். சீட்டு எழுதும் வேலையைக் கேவலம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்னும் ஒன்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிரே நிற்கும் பெரியவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. மேசையில் இருக்கும் சீட்டில் அவருடைய பெயர், வயது, ஊர், எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது வரை வாசிக்க முடிகிறது. பரிமாறிக்கொண்ட இத்தனை பேரில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பதிவை வைத்துக்கொள்வதும் எடுப்பதும் உங்கள் விருப்பம். அந்தச் சீட்டையாவது இன்றைக்கே மறைத்துவிடுங்கள்.