பிஸ்டன் வாங்குவதற்கு முன்னால்

போன வருஷம் ஜூன் மாதம். பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எண்பதுக்குப் பக்கத்தில் வேகம். திடீரென்று யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. சத்தம் அமுங்கி, பின்சக்கரம் கிறீச்சென்று தேய்ந்தது. கை தானாக கிளட்சை அமுக்கியதால் விழாமல் ஓரங்கட்ட முடிந்தது. டூ ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகியவர்களின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே ஏன் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

வண்டி 1987 ராஜ்தூத் 350. சித்தப்பா வாங்கியது, இப்போது என்னிடம் இருக்கிறது. யமஹாவின் ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983இல் நம் நாட்டில் செய்ய ஆரம்பித்தது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்த எச்.டி. (ஹை டார்க்) மாடல் 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த எல்.டி. (லோ டார்க்) மாடல் 27. எண்பதுகள் முடிவதோடு உற்பத்தியும் முடிந்துவிட்டது. இன்றைக்கு இதற்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் ஷோரூமில் கேட்க முடியாது. சென்னை புதுப்பேட்டையில் தேட வேண்டும், டெல்லி கரோல் பாக்கில் தெரிந்தவரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் அரை மணி நேரம் ஆறவிட்டு உதைத்தேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது! மெதுவாகப் போய்விடலாம் என்று வீடு வரைக்கும் ஓட்டியும் வந்துவிட்டேன். அப்படிச் செய்திருக்கவே கூடாது. நடந்தது பிஸ்டன் பிடிப்பது, அதாவது பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டருக்குள் இறுகிவிடுவது. அப்படிப் பிடித்த பிஸ்டனிலிருந்து உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும். அதோடு ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் சுவரைக் கீறும். ஒரு டாடா ஏஸ் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் சிலிண்டரைக் கெடுத்துக்கொள்கிறோம். இது உங்களுக்கு நடந்தால், ஸ்டார்ட் ஆனாலும் லோடு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இதை எழுத வைக்கிறது. கழற்றிப் பார்த்தால் இடது பிஸ்டன் மட்டும் பிடித்திருந்தது. வலது பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. நான் கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் "பழைய வண்டி சார், அப்படித்தான் ஆகும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். சிலிண்டரின் உள்விட்டம், அதாவது போர், 64 மில்லிமீட்டர். கீறல் போகக் கடைந்து, கால் மில்லிமீட்டர் ஓவர்சைஸ் ஏற்றி 64.25 ஆனது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதால், கெடாத வலது சிலிண்டரையும் சேர்த்துக் கடைந்தார்கள். பிஸ்டன் செட்டுக்கு மட்டும் ஐந்து வாரம் அலைந்தேன். பூட்டி, புது பிஸ்டன் பழகும்வரை மெதுவாக ஓட்டும் ரன்னிங்-இன்னையும் பார்த்துப் பார்த்துச் செய்து, நானூறு கிலோமீட்டர் தாண்டவில்லை. அதே இடது பிஸ்டன் மறுபடியும் பிடித்தது.

இவ்வளவு நடந்தும் முதல் தடவை ஏன் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாகம் கிடைக்குமா கிடைக்காதா என்ற பதற்றமே மனசை நிறைத்துவிட்டது. கிடைத்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நம்பிவிட்டோம். அரிதான வண்டி வைத்திருக்கிற நம்மில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் சறுக்குகிறோம் என்று நினைக்கிறேன். தேடல் அவ்வளவு பெரிய வேலையாகிவிடுவதால், தேடிக் கண்டுபிடிப்பதையே ரிப்பேர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது முறை சிங்காநல்லூர் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். எழுபதை நெருங்குகிறவர். பிஸ்டனைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க தம்பி, காத்து எங்கிருந்து உள்ள போகுதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். சிலிண்டரையும் ஹெட்டையும் திரும்பப் பூட்டச் சொன்னார். கார்புரேட்டர் வரும் வழி, சைலன்சர் போகும் வழி என இரண்டு பக்கமும் சைக்கிள் ட்யூப் ரப்பரும் தகடும் வைத்து அடைத்தார். பிளக் ஓட்டையில் ஒரு நிப்பிள். அதில் டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் குமிழையும் மீட்டரையும் மாட்டினார். புஸ் புஸ் என்று அமுக்கி முள்ளை 300 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு ஏற்றினார். அது கிட்டத்தட்ட ஆறு பி.எஸ்.ஐ. நல்ல இன்ஜினாக இருந்தால் ஐந்தாறு நிமிஷம் ஆனாலும் முள் பெரிதாக இறங்கக் கூடாது. எங்கள் கண் முன்னாலேயே ஒரு நிமிஷத்துக்குள் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. இடது பக்கம் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடியும் அமுக்கினார். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில், அதை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைச் சுற்றி, பொடிப்பொடியாக நுரை கிளம்பியது.

டூ ஸ்ட்ரோக்கில் அந்தத் தண்டு இருக்கும் கூடான கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். பெட்ரோலும் காற்றும் முதலில் அங்கே போய், பிஸ்டன் இறங்கும்போது அழுந்தித்தான் மேலே ஏறும். சீல் விட்டுவிட்டால் கார்புரேட்டர் அளந்து கொடுக்காத காற்று அந்த வழியாக உள்ளே வரும். கலவை லீன் ஆகும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறையும். சூடு ஏறும், பெட்ரோலோடு வரும் ஆயிலும் போதாது, பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும். இந்த வண்டியில் வலது சீல் போனால் கிளட்ச் பக்கத்து ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும், ஊருக்கே தெரியும். இடது சீல் போனால் புகையே வராது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் சட்டென்று இறங்காது, பிளக் வெளுத்துப்போய் இருக்கும், அவ்வளவுதான். இந்த இரண்டு அறிகுறிகளையும் நான் பார்த்திருந்தேன். கார்புரேட்டர் ட்யூனிங் என்று நினைத்து ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கைப்பிடியில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம். அதற்காக இரண்டு தடவை போர் போட்டாகிவிட்டது. இப்போது 64.50இல் இருக்கிறது. 65 வரை பிஸ்டன் உண்டு, அதற்கப்புறம் சிலிண்டருக்குள் புது இரும்புக் குழாய் செருகும் ஸ்லீவ்தான். கடைந்தெடுத்த இரும்பு திரும்பி வராது. இனிமேல் கம்பெனி இந்த சிலிண்டரை வார்க்கப்போவதில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ரப்பர் விஷயத்தில் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டி பிரிக்காத 'அந்தக் காலத்து ஒரிஜினல்' சீல் என்று பெரிய விலைக்கு விற்கிறார்கள். பிஸ்டன், கியர், ராட் என்றால் பழைய ஒரிஜினலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், இரும்பும் அலுமினியமும் ஈரம் படாமல் இருந்தால் கெடாது. முப்பத்தைந்து வருஷம் பெட்டிக்குள் கிடந்த ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். சீலின் உள்விளிம்பை நகத்தால் மடக்கிப் பார்த்தாலே தெரியும். ஆர்.டி. எழுபதுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடிய வண்டி என்பதால் சீலும் கேஸ்கட்டும் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டைப் பழையபடியே விட்டால் கலவையும் இன்னும் கொஞ்சம் லீன் பக்கம் போகும். என் வண்டிக்கு மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றியிருக்கிறேன்.

வேறு இன்ஜின் வாங்கி மாட்டிவிடச் சொல்லி யோசனை சொன்னவர்களும் உண்டு. ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பர் கிராங்க் கேஸில்தான் அடித்திருக்கிறது. கேஸ் மாறினால் எஃப்.சி.க்கு நிற்கும்போது பதில் சொல்ல வேண்டும். விண்டேஜ் என்று சலுகை கேட்க 50 வயது தாண்ட வேண்டும், இந்த வண்டிகளுக்கு அது இன்னும் ஆகவில்லை. தவிர, அந்த வேறு இன்ஜின் எங்கிருந்து வருகிறது? ஓடிக்கொண்டிருந்த ஒரு முழு வண்டியைப் பிரித்துப் போட்டுத்தான் வருகிறது. பாகமாக விற்றால் லாபம் அதிகம் என்று நல்ல வண்டியை உடைப்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. கஷ்டம் என்றாலும் வாங்குவதில்லை.

செலவு என்று பார்த்தால், சீல் மாற்ற இன்ஜினை இறக்கிப் பிரித்த கூலியையும் சேர்த்தால்கூட, நான் முதலில் வாங்கிய பிஸ்டன் செட்டின் விலையில் பாதி வராது.

பெரியவர் செய்து கொடுத்த அடைப்புத் தகடுகளும் ரப்பர் குமிழ் மீட்டரும் என்னிடம்தான் இருக்கின்றன. ஆர்.டி.க்கு அப்படியே பொருந்தும், ஆர்.எக்ஸ்.100, யெஸ்டி வைத்திருப்பவர்கள் தகட்டை மட்டும் அளவுக்கு வெட்டிக்கொண்டால் போதும். கோவைப் பக்கம் இருக்கிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். புது பிஸ்டனுக்கு முன்பணம் கட்டியிருந்தால், ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.