ராஜ்மாவை ஊறவைக்காமல் கொட்டுபவர்களுக்கு

நேற்றிலிருந்து ஆளாளுக்கு என்னை டேக் செய்கிறீர்கள். பார்த்துவிட்டேன். "எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஸ்லோ குக்கர் சமையல்" என்ற அந்த வீடியோவையும், அதற்குக் கீழே நான் எழுதியதையும், எனக்கு வந்த மரியாதையான பதில்களையும். நான் எழுதியது இப்போது அங்கே இல்லை. பதில்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. அதனால் இங்கே, என் சுவரில், கொஞ்சம் விரிவாக.

முதலில் ராஜ்மா. காய்ந்த ராஜ்மாவைக் கழுவி, அப்படியே ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) கொட்டி, லோ-வில் எட்டு மணி நேரம் வைத்துவிட்டுத் தூங்கப் போகச் சொல்கிறார் அந்த நண்பர். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. வேகாத நாலைந்து விதை போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பித்துவிடும். கொதிநிலைக்குப் போனால்தான் அது அழியும். 80 டிகிரி அளவில் மெல்ல வெந்தால் நச்சு குறைவதற்குப் பதிலாகப் பல மடங்கு கூடவும் செய்யும். ஸ்லோ குக்கர் மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருவது அந்தச் சூட்டில்தான். ஆகவே குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் போடுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான். இதற்குப் பெயர் "நெகட்டிவிட்டி" என்றால், சரி, நான் நெகட்டிவ்தான்.

"நாங்கள் வருஷக்கணக்கில் ராஜ்மா சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார் ஒருவர். நீங்கள் பிரஷர் குக்கரில் வேகவைத்தீர்கள் ஐயா. அதற்குள் சூடு 120 டிகிரி வரை போகிறது. வேறு பாத்திரம், வேறு கணக்கு. துவரம்பருப்பு, பாசிப்பருப்புக்கெல்லாம் இந்த அளவு தொல்லை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்குப் பருப்பையே விடச் சொன்னதாக யாராவது ஆரம்பிப்பதற்குள்.

ஆனால் என் கோபம் ராஜ்மாவோடு முடியவில்லை. வீடியோ முழுக்க ஒரே பல்லவி: "நல்லா குழைஞ்சிடும், அதனால வயித்துக்கு நல்லது." குழைந்துவிட்டால் மட்டும் ஒரு சாப்பாடு ஆபரேஷன் ஆனவர்களுக்கானது ஆகிவிடாது. ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன்) செய்தவரின் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பைபாஸ் (இதயத்துக்குச் செய்வதல்ல, இரைப்பையில் சின்னப் பை ஒன்றை மட்டும் விட்டு அதைக் குடலோடு இணைப்பது) என்றால் மிஞ்சும் பை கிட்டத்தட்ட 30 மில்லி. அந்த இடத்துக்குள் ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் போகவேண்டும். கால் கப் சாப்பிட்டு நிறைந்துபோகிற வயிற்றில் அந்தக் கால் கப்பில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அரிசியையும் கேரட்டையும் எட்டு மணி நேரம் குழையவிட்டுக் கொடுத்தால் அவர்களுக்குக் கிடைப்பது கஞ்சி. கஞ்சி நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் பசிக்கும், மறுபடி கஞ்சி. எடை இறங்காமல் நின்றுபோய், முடி கொட்டி, "ஆபரேஷன் ஃபெயில்" என்று அழுகிறவர்களின் சாப்பாட்டுக் குறிப்பை வாங்கிப் பாருங்கள், பலரிடம் இந்தக் கஞ்சி இருக்கும்.

ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். சொன்னால் அடிக்க வருவீர்கள். ராத்திரி முழுக்க ஸ்லோ குக்கரில் வைத்தால் பிரமாதமாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அதில் இறங்குவது ஜெலட்டின். உடம்புக்கு அவசியமான அமினோ அமிலங்களில் டிரிப்டோஃபேன் அதில் இல்லவே இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் வரும் நீர் ஆகாரக் கட்டத்தில் மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு வடிகட்டிக் குடிக்கலாம். "தினம் சூப் குடிக்கிறாளே, புரதத்துக்கு என்ன குறை" என்று மட்டும் கணக்கு எழுதாதீர்கள்.

அப்போது ஸ்லோ குக்கரே வேண்டாமா? வேண்டும். முதல் மாதங்களில் நிறையப் பேருக்குத் தாளிக்கிற வாசனையே குமட்டும். அடுப்படியில் நிற்கத் தெம்பு இருக்காது. காலையில் போட்டு, பால்கனியிலோ பின்கட்டிலோ வைத்து சுவிட்சைத் தட்டிவிடலாம். அந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம். ஆனால் முறையாக.

கோழி என்றால் நெஞ்சுக்கறி வேண்டாம். வீடியோவில் நெஞ்சுக்கறியை எட்டு மணி நேரம் வைக்கிறார்! அதில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு. நேரம் கூடக்கூடச் சாறு பிழிந்துபோய் நார் நாராக வறண்டு நிற்கும். ஸ்லீவ் செய்தவர் அதை ஒரு வாய் விழுங்கினால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைக்கும். தோலும் எலும்பும் நீக்கிய தொடைக்கறி அரைக் கிலோ எடுங்கள். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது ஒரு ஸ்பூன் எல்லாவற்றையும் முதலிலேயே வதக்கிவிடுங்கள். பச்சையாகப் போட்டால் ஸ்லோ குக்கரில் அந்தப் பச்சை வாடை போகவே போகாது. மல்லித்தூள் இரண்டு ஸ்பூன், மஞ்சள், மிளகுத்தூள் அரை ஸ்பூன். முழு கிராம்பும் பட்டையும் நேரம் ஆக ஆகக் கசப்பேற்றும், தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் அரைக் கப், அவ்வளவுதான். மூடிக்குள் ஆவி போக வழியில்லை, கறியே தண்ணீர் விடும். லோ-வில் நாலிலிருந்து ஐந்து மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஒவ்வொரு தடவையும் இருபது, முப்பது நிமிஷம் தள்ளிப்போகும். பாத்திரம் பாதியாவது நிறைந்திருக்க வேண்டும். ஆறு லிட்டர் பாத்திரத்தில் அரைக் கிலோ போட்டால் ஓரம் தீயும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டிக் கறியை நேராகப் போடவே போடாதீர்கள். அது உருகிச் சூடேறுவதற்குள் கிருமி பெருகிவிடும்.

வெந்ததும் இரண்டு முள்கரண்டியால் அந்தச் சாற்றுக்குள்ளேயே பிய்த்து விடுங்கள். தயிர் சேர்ப்பதானால் கடைசிப் பதினைந்து நிமிஷத்தில், இல்லாவிட்டால் திரிந்துவிடும். 60 கிராம் வீதம் ஆறு பங்கு வரும். ஒரு பங்கில் சுமார் 14, 15 கிராம் புரதம். ஆற ஆற இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். சூடுபடுத்தும்போது ஒரு ஸ்பூன் சாறு சேர்த்துச் சூடுபடுத்துங்கள், காய்ந்துபோனால் மறுபடி அதே அடைப்புதான். ஸ்லோ குக்கரிலேயே சூடுபடுத்த வேண்டாம். இதெல்லாம் மென்று சாப்பிடும் கட்டம் வந்தவர்களுக்கு. மசித்த உணவுக் கட்டத்தில் இருப்பவருக்கு இதையே சாறோடு மிக்ஸியில் அடித்துக் கொடுங்கள். எந்த வாரம் எது என்பதை உங்கள் சர்ஜன் கொடுத்த தாள் சொல்லும், யூடியூப் சொல்லாது.

சைவக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வெறும் பாசிப்பருப்பு, வெந்தது கால் கப்பில் நாலு கிராம் புரதம்தான் தேறும். மீல் மேக்கர் குருணை 25 கிராம் ஊறவைத்துப் பிழிந்து அதனுடன் சேர்த்தால் இன்னொரு 12, 13 கிராம். அதை இரண்டு மூன்று வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். பனீரைக் கடைசியில் உதிர்த்துப் போடலாம். புளி, தக்காளி எதுவானாலும் பருப்பு வெந்த பிறகுதான், முன்னாலே போட்டால் விறைத்துக்கொண்டு வேகாது. வாழைத்தண்டு, முருங்கைக்காய் நாரெல்லாம் எத்தனை மணி நேரம் வைத்தாலும் நாராகவேதான் இருக்கும். அது வயிற்றில் உருண்டு அடைத்துக்கொண்ட கேஸ்கள் உண்டு.

"பிரஷர் குக்கர் இருக்கும்போது இது எதற்கு, பணத்திமிர்" என்று இன்னொருவர். பருப்புக்கு பிரஷர் குக்கரே போதும், ஒப்புக்கொள்கிறேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டவர்தான் இத்தனை பேரில் உருப்படியாகக் கேட்டவர். டிஜிட்டல் குக்கர் பலவற்றில், கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக ஆன் ஆகாது. நீங்கள் வீட்டில் இல்லாதபோது எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியாவிட்டால் அந்தக் கறியைக் கொட்டிவிடுங்கள். மனசு வராதுதான். கொட்டுங்கள். வீட்டில் இருந்தால் உடனே அடுப்புக்கு மாற்றிக் கொதிக்கவிடுங்கள்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. வீடியோ போட்டவரும் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கருத்து, அதற்கு நூற்றுக்கணக்கில் லைக்: "வாயைக் கட்டத் தெரியாதவங்க வயித்தை வெட்டிக்கிறாங்க, அவங்களுக்குச் சமையல் டிப்ஸ் வேற." இதைத்தான் விழுங்க முடியவில்லை. என் சித்தி ஸ்லீவ் செய்துகொண்டவர். சர்க்கரை, மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல், எல்லாம் பார்த்துத்தான் செய்தது. ஒரு கல்யாணப் பந்தியில் "என்னடி, ஒரு கரண்டியா" என்று சம்பந்தி வீட்டு அம்மா சாதத்தை அள்ளிப் போட, மறுக்கச் சங்கடப்பட்டு நாலு வாய் வேகமாகச் சாப்பிட்டார். பிறகு வாஷ்பேசினில் நின்றுகொண்டு, நுரை நுரையாக எச்சில் பொங்க, கண்ணில் தண்ணீர். பின்னாலிருந்து ஒருத்தர் சொன்னது: "லட்சம் லட்சமா கொடுத்து இந்தக் கஷ்டம் தேவையா?" அந்த அம்மாவும் ஸ்க்ரோல் செய்து இந்த வீடியோவுக்கு ஹார்ட் போட்டிருப்பார், சந்தேகமே இல்லை. முப்பது தடவை மென்று, அரை மணி நேரம் உட்கார்ந்து கால் கப் சாப்பிட்டு, அதற்கடுத்த அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்கிறீர்கள். ஒரு வாரம் இருந்து பாருங்கள், பேசலாம்.

அடுத்த வீடியோ ஸ்லோ குக்கரில் பாயசமாம். "நாட்டுச் சர்க்கரைதான் போடுறோம், பயமே வேண்டாம்" என்று முன்னோட்டம் வந்திருக்கிறது. பைபாஸ் ஆனவரின் குடலுக்கு நாட்டுச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. குடித்துப் பத்திலிருந்து முப்பது நிமிஷத்தில் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வயிறு பிடுங்கிப் போகும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவு சடாரென்று இறங்கி மயக்கம் வரும். இதையும் அவருக்குக் கீழே எழுதத்தான் போகிறேன். நீக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.