சூடம் அணைக்க வைத்தவர்களுக்கு

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம். ஊர்க் குழு, சொந்தக்காரர்கள் குழு, கூடப் படித்தவர்கள் குழு என்று எனக்கு மட்டும் ஏழு முறை வந்துவிட்டது. ஏழாவதாக அனுப்பியவர் கூடவே கை கூப்பும் பொம்மை ஒன்றும் போட்டிருந்தார். பக்தி!

கோயில் வாசலில், குடிக்கிற ஒரு மனிதரை நிறுத்தித் தட்டில் சூடம் ஏற்றி, "இனிமே தொடமாட்டேன்னு சொல்லி அணை" என்கிறார்கள். அவர் கை நடுங்குகிறது. முதல் முறை சூடம் அணையவில்லை. யாரோ சிரிக்கிறார்கள். இரண்டாவது முறை உள்ளங்கையை அப்படியே அழுத்திவிடுகிறார். "மூஞ்சி தெரியற மாதிரி எடுடா" என்று ஒரு குரல் கேட்கிறது. அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கும் தெரியும்.

அன்று நான் எழுதியது இரண்டே வரி. "இது அவரைத் திருத்துவது இல்லை. விட்டுவிடுங்கள், சாமி பார்த்துக்கொள்ளும்." அவ்வளவுதான். அதற்கு வந்த வரவேற்பைத்தான் பார்த்தீர்களே. அதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. முந்தாநாள் ஒரு வளைகாப்பில், பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர், பெரியம்மா முறை, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "சொந்தத் தம்பியத் திருத்த வக்கில்ல, ஊருக்கு உபதேசம் பண்ண வந்துட்டா." இலையில் புளியோதரை இருந்தது. மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

சரி பெரியம்மா. வக்கில்லைதான். அதையே பேசுவோம்.

என் தம்பி குடிப்பான். இதை இங்கே முதல் முறையாக எழுதுகிறேன். நன்னிலம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான். நான் அவனைத் திருத்துவதற்குச் செய்யாதது எதுவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், இது நம் வேலை இல்லை.

என்னென்ன செய்தேன் என்று கேளுங்கள். ராத்திரி வந்ததும் கதவு திறக்கிற சாக்கில் வாயை முகர்ந்து பார்ப்பேன். சட்டைப் பையைத் துழாவுவேன். கோயிலில் கையில் கயிறு கட்டிக் கூட்டிவந்தேன். மூன்று நாள் அறையில் வைத்துப் பூட்டினோம். இரண்டாம் நாள் ராத்திரி அவனுக்குக் கை கால் வெட்டி இழுத்தது. வருஷக்கணக்காகக் குடித்த உடம்புக்குச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம் என்பதெல்லாம் அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரியும். பூட்டும்போது நாங்கள் நல்லது செய்கிறோம் என்றே நினைத்தோம்.

அதையும் விட ஒன்று. ஒரு புண்ணியவதி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். "தெரியாம கலந்து குடுங்க, குடிச்சா வாந்தி வரும், தானா வெறுத்துப்போயிடும்." பொடித்து ரசத்தில் கலந்தேன். மிளகு ரசம். இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, "இன்னைக்கு ரசம் நல்லா இருக்குக்கா" என்றான். சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தவன் முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. மாரைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்தான். ஆட்டோவில் திருவாரூர் போகும் வழியெல்லாம் வாந்தி. ஆஸ்பத்திரியில், "டைசல்ஃபிரம் மாதிரி ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அந்த மருந்தை மனநல மருத்துவர்தான் கொடுக்க வேண்டும், அதுவும் சாப்பிடுகிறவர் தெரிந்து ஒப்புக்கொண்டு சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். டாக்டர் கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு வரை அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் என் வீட்டில் ரசம் மட்டும் ஊற்றிக்கொள்ள மாட்டான்.

இப்போது சொல்லுங்கள், யாருக்கு வக்கில்லை?

நம் வேலை இல்லை. திருப்பித் திருப்பிச் சொல்வேன். ஒரு மனிதனுக்குள்ளே போய்த் திருகாணியைத் திருப்பி வைக்கிற வேலையை சாமி நம்மிடம் கொடுக்கவே இல்லை.

சித்திரைச் சதயத்துக்குத் திருப்புகலூர் போவது எங்கள் வீட்டு வழக்கம். அப்பர் முக்தியடைந்த ஊர். ஒவ்வொரு வருஷமும் அப்பரைக் கும்பிடுகிறோம், அவருடைய அக்காவை யாரும் நினைப்பதில்லை. திலகவதியார். நிச்சயித்த மாப்பிள்ளை போர்க்களத்தில் இறந்துபோனார். அப்பா, அம்மாவும் இல்லை. தம்பிக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தவர். அந்தத் தம்பி சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெரிய ஆளாகிவிட்டான். (சமணம் போவது என்ன தப்பு என்று சண்டைக்கு வர வேண்டாம். அந்த அக்காவுக்கு அது துக்கம். நான் அக்காவைப் பற்றிப் பேசுகிறேன்.) அவர் என்ன செய்தார்? கடலூர்ப் பக்கம் தம்பி இருந்த பாடலிபுத்திர மடத்துக்குப் போய் வாதம் பண்ணினாரா? நாலு பேரைக் கூட்டிப் போய்ச் சூடம் அணைக்கச் சொன்னாரா? திருவதிகைக் கோயிலில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெருக்கினார். சாணி தெளித்து மெழுகினார். பூக் கட்டினார். "தம்பியை நீ எடுத்துக்கொள்" என்று சாமியிடம் கேட்டார். தம்பியிடம் அல்ல, சாமியிடம்.

அப்புறம் தம்பிக்குச் சூலை வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான், சமையல்காரனை அனுப்பி அக்காவை வரச் சொல்கிறான். அக்கா போகவில்லை! பெரிய புராணத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். சின்ன வயதில் எங்கள் தமிழ் டீச்சர் சொன்னபோது, என்ன கல்நெஞ்சு என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. நானாக இருந்தால் பஸ் பிடித்து ஓடியிருப்பேன். கூடவே ரசமும் கொண்டுபோயிருப்பேன். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். ராத்திரியோடு ராத்திரியாகத் தம்பிதான் நடந்து வந்தான். வந்தவனை அவர் "எத்தனை தடவ சொன்னேன்" என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடியுமுன்னே திருவலகை, அதுதான் அந்தக் கோயில் விளக்குமாற்றை, எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார், அவனையும் கூட்டிக்கொண்டு.

"என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அந்தத் தம்பி பாடியதைக் காலண்டரில் போடுகிறீர்கள், கல்யாணப் பத்திரிகையில் போடுகிறீர்கள். அதற்கு முந்தின வரி என்ன? "தன் கடன் அடியேனையும் தாங்குதல்." தாங்குவது சாமியின் கடன். கணக்கு அப்படிப் பிரித்திருக்கிறது. நாம் என்னவோ அவருடைய கடனையும் சேர்த்து அடைக்கக் கிளம்பிவிட்டோம்.

"அப்போ சூலை நோய் கொடுத்ததுதானே சாமி? நீ ரசத்தில் கலந்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்று என் மகள் கேட்டாள். அவள் இப்படித்தான் கேட்பாள். யோசித்துப் பார்த்தேன், முழுப் பதில் இல்லை. அவர் கொடுத்தார், தீர்க்கவும் தெரிந்து கொடுத்தார். எனக்குக் கலக்க மட்டும்தான் தெரிந்தது.

"வைத்தியமே வேண்டாமா?" என்றால், யார் வேண்டாம் என்றது? அவனாகக் கேட்ட அன்று நான்தான் கூடப் போனேன். "பெண்டாட்டியை அடிக்கிறவனையும் சாமி பார்த்துக்கொள்ளுமா?" அடித்தால் போலீஸுக்குப் போக வேண்டும், வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். அது உயிரைக் காப்பாற்றிக்கொள்வது. திருத்துவது வேறு, இதை இதோடு குழப்பாதீர்கள்.

"சாமி மேல் போட்டுவிட்டுக் கையைக் கட்டி உட்காருவது சோம்பேறித்தனம்." இதைச் சொல்கிறவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது, அவன் வரவில்லை, போன் எடுத்துத் தேடாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். வீடியோ எடுக்க ஐந்து நிமிஷம் போதும். நம் ஊரில் ஆற்றுக்குக் காத்திருக்கத் தெரியாதவன் விவசாயம் பண்ண முடியுமா? மேட்டூர் திறக்க ஜூன் 12 என்று நாள் வைத்திருக்கிறோம். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. அதுவரை கடைமடைக்காரன் வாய்க்கால் தூரை வாரி வைத்துக்கொண்டு இருப்பான். வரப்பில் நின்று ஆற்றைத் திட்டினால் தண்ணி வந்துவிடாது.

சாமி பிடிக்காதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1935-ல் அமெரிக்காவில் குடிகாரர்கள் இரண்டு பேர் சேர்ந்து தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஒருவர் டாக்டர் வேறு. அவர்களுடைய முதல் படியே, குடிக்கு முன்னால் எங்களுக்குச் சக்தியில்லை என்று ஒப்புக்கொள்வதுதான். குடிப்பவர்களின் வீட்டு ஆட்களுக்கென்று 1951-ல் தனியாக ஒன்று வந்தது, அல்-அனான். அங்கே சொல்கிறார்கள்: இதற்குக் காரணம் நீ இல்லை, இதை உன்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. படித்தபோது எனக்கு அழுகை வந்தது. எத்தனை வருஷம் நான்தான் காரணமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தானே.

தம்பி அந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு நாலு தடவை போனான், அவனாக. அப்புறம் நின்றுவிட்டான். இப்போதும் குடிக்கிறான். குறைத்திருக்கிறான் என்று அவன் மனைவி சொல்கிறாள். "நீங்க கேக்கறத விட்டதுலேருந்து வீட்டுக்குச் சீக்கிரம் வர்றாரு அண்ணி" என்றாள். இது வெற்றிக்கதை இல்லை. வெற்றிக்கதை வேண்டுமென்றால் அந்த வீடியோவைப் பாருங்கள், கடைசியில் கை தட்டுகிறார்கள்.

பந்தியில் பேசிய பெரியம்மாவுக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். உங்கள் கொல்லைப்புறக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் சென்னையில். விடிந்தும் விடியாமல் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியது யார்? கையெல்லாம் ஆணி கிழித்து இறங்கி வந்தவனுக்கு நீங்கள்தான் காபி கொடுத்தீர்கள். அன்றைக்கும் அவன் குடிகாரன்தான். அன்றைக்கு ஏன் நீங்கள் சூடத்தட்டைத் தேடவில்லை? அவன் குடிகாரன் என்பது கூரை கட்டும்போது மறந்து, பந்தியில் உட்காரும்போது ஞாபகம் வருகிறது. திருத்துகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஞாபகம் வசதியாகத்தான் வேலை செய்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, மறுக்கவில்லை. அவனைத் திருத்திக்கொண்டிருந்த வருஷங்களில் நான் எவ்வளவு நல்லவள் என்று ஊரே சொன்னது. "பாவம் அந்தப் பொண்ணு, தம்பிக்காக எவ்வளவு பாடு." அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

அந்த வீடியோ கைவசம் இருப்பவர்கள் அழித்துவிடுங்கள். அந்த மனிதருக்குப் பத்தாவது படிக்கிற பெண் இருக்கிறாள். அவள் வகுப்பிலும் போன் வைத்திருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் தம்பி வந்தான். நான் அடுப்படியில் இருந்தேன், என் போனை எடுத்து அவனே அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன். முழுவதும் பார்த்தான். போனைக் கீழே வைத்துவிட்டு, "உள்ளங்கை வெந்துபோயிருக்கும்லக்கா?" என்றான்.

ஏழு பேர் எனக்கு அனுப்பினார்கள். நானே இரண்டு வரி எழுதினேன். இதை யாருமே கேட்கவில்லை, நானும்தான்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அலமாரியில் நான் வைத்திருக்கும் தீப்புண் களிம்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். எங்கே என்று நான் கேட்கவில்லை.