இடுப்பு எலும்பு ஏறிப்போச்சாம், 7,000 ரூபாய்

எங்க பக்கம் ஒரு நம்பிக்கை உண்டுங்க, கால் முன்னாடி வந்து பொறந்தவங்க இடுப்புல ஒரு உதை விட்டா புடிப்பு விட்டுப்போகும்னு. சிவதாபுரத்துல எங்க தெருவுலயே ஒரு அத்தை அப்பிடி பொறந்தவங்க. போன வருஷம் நானும் போய் குப்புறப் படுத்து வாங்கிட்டு வந்தேன். சிரிக்காதீங்க, ரெண்டு நாள் நெஜமாவே லேசா இருந்துச்சு.

நமக்கு வெள்ளிப் பட்டறை. காலைல 8 மணிக்கு கொலுசு பத்தவைக்க குனிஞ்சு உக்காந்தா மத்தியானம் சோத்துக்குத்தான் நிமிர்றது, 22 வருஷமா இதே பொழப்பு. இடுப்பு வலி வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு (மூணு மாசம் தாண்டுனாலே நாள்பட்ட வலின்னுதான் சொல்றாங்க). எம்ஆர்ஐ எடுத்தா டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிறது) பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட், அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அப்புறம்தான் தெரிஞ்சுது, வலியே இல்லாத ஆளுங்கள ஸ்கேன் பண்ணி பாத்ததுலயே 20 வயசுக்காரங்கள்ல 100க்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுங்கல் இருந்துச்சாம், 80 வயசுல 84 பேருக்கு. இத ரிப்போர்ட்டோட சேத்து ஒரு வரி சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒருத்தர் சொன்னாருன்னு ஆஸ்டியோபதி, அதாவது கையாலயே அழுத்தி திருப்பி பண்ற வைத்தியம், அது பண்ற ஒரு இடத்துக்குப் போனேன், பேரு வேண்டாம். நிக்க வெச்சு பாத்துட்டு "உங்க இடுப்பு எலும்பு ஒரு பக்கம் ஏறியிருக்கு, எறக்கி விடணும், 10 சிட்டிங், பேக்கேஜ் 7,000"னாரு. படுக்க வெச்சு முதுகெல்லாம் அழுத்தி, காலை மடக்கி ஒரு திருப்பு திருப்புனாரு பாருங்க, மடக்குனு சத்தம். "எறங்கிருச்சு"ன்னாரு. எனக்கும் ஆஹான்னு இருந்துச்சு. மூணாவது சிட்டிங் முடிஞ்ச தெம்புல ஏற்காட்டுல தங்கச்சி வீட்டுக்கு பைக்லயே போனேன், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி எறங்கி வந்து மறுநாள் காலைல பாத்தா பழைய குருடி கதவைத் திறடி.

அந்த கடுப்புலதான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். அந்த சத்தம் எலும்பு எடம் மாறுற சத்தமே இல்லையாம், மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல வாயு குமிழி உண்டாகுற சத்தம், நாம வெரல் சொடக்கு எடுக்கிறோமே அதேதான். அடப்பாவி.

இந்த வைத்தியத்த 1874ல ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்னு ஒரு அமெரிக்க டாக்டர் ஆரம்பிச்சிருக்காரு, 1892ல மிசோரில காலேஜும் தொறந்தாரு. இன்னிக்கு அங்க இத படிச்சவங்க முழு டாக்டருங்க, ஆப்பரேஷன் வரைக்கும் பண்ணலாம். ஆனா இங்கிலாந்துல ஆஸ்டியோபாத்ங்கறவர் கை வைத்தியம் மட்டும் பண்றவர், மருந்து எழுத முடியாது. போர்டுல ஒரே பேரு இருந்தாலும் ஊருக்கு ஊரு ஆளு வேற, இத முதல்ல புரிஞ்சுக்கணும்.

பிரான்ஸ்ல 400 பேர வெச்சு ஒரு ஆய்வு, 2021ல வெளிவந்துச்சு. பாதி பேருக்கு நெஜ ஆஸ்டியோபதி, மீதி பேருக்கு அதே எடங்கள்ல சும்மா லேசா கை வைக்கிறது. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு 6 சிட்டிங். மூணு மாசம் கழிச்சு, குனியறது தூக்கறது நடக்கறது இதுல இருக்கிற செரமத்த 100 மார்க்குக்கு போட்டு பாத்தா நெஜ வைத்தியத்துக்கு சுமார் 3 மார்க்தான் கூட கொறஞ்சிருக்கு, வலில வித்தியாசமே காணோம். இத படிக்கும்போது எனக்கு அத்தையோட உதை ஞாபகம் வந்துருச்சு.

அதுக்காக எல்லாம் டுபாக்கூர்னு நான் சொல்லல. 1999ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, வலி கொறஞ்சது வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களுக்கும் ஆஸ்டியோபதி எடுத்தவங்களுக்கும் ஒரே அளவுதான், ஆனா ஆஸ்டியோபதிக்காரங்க மாத்திரை கம்மியா முழுங்கியிருக்காங்க. வலி மாத்திரை தின்னு தின்னு வயித்தெரிச்சல் வந்தவன்ட்ட கேளுங்க அதோட அருமைய. உலக சுகாதார நிறுவனமே 2023 கைடுலைன்ல முதுகை அழுத்தி திருப்புற வைத்தியத்தையும் மசாஜையும் பண்ணிப் பாக்கலாம்னு சொல்லுது, ஆனா உடற்பயிற்சி, வலிய பத்தி புரிய வைக்கிறது இதோட சேத்து. இடுப்பு பெல்ட்டும், முதுகை இழுத்துக் கட்டுற இழுவை வைத்தியமும் வழக்கமா குடுக்க வேண்டாம்ங்குது. என்கிட்ட 1,200 ரூபா பெல்ட் ஒண்ணு பீரோல கெடக்கு, வேணும்ங்கறவங்க வந்து எடுத்துக்கோங்க.

எனக்கு கோவம் அந்த கை மேல இல்ல, "எலும்பு ஏறிருச்சு"ங்கற கதை மேல. அந்த கதைய கேட்டுட்டு மூணு மாசம் பேத்திய கூட தூக்காம பயந்து பயந்து நடந்தேன். வலி ஒரு பங்குன்னா பயம் ரெண்டு பங்கு. ரெண்டு நாள் லேசா இருக்கும், அந்த ரெண்டு நாள்ல நடங்க, ஒடம்ப அசைங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தா அந்தாளுக்கு கோயில் கட்டியிருப்பேன்.

ஒண்ணு மட்டும், ஒன்னுக்கு வராம அடைச்சுகிட்டாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, காலு தொவண்டாலோ எந்த கை வைத்தியத்துக்கும் போகாதீங்க, நேரா பெரியாஸ்பத்திரி. வலியோட காய்ச்சல், எடை கொறையறதுன்னா முதுகெலும்பு டிபியான்னு பாத்தாகணும்.

இப்ப ஜிஹெச்ல பிசியோதெரபில சொல்லிக்குடுத்த நாலு பயிற்சி, பட்டறைல அரை மணிக்கு ஒருக்கா எந்திரிக்கிறது, சாயங்காலம் ஜங்ஷன் வரைக்கும் நடை. வலி முழுசா போகல, பாதி இருக்கும். 10 சிட்டிங்ல 6 இன்னும் பாக்கி, காசு திருப்பித் தர மாட்டாங்களாம். அத்தைகிட்ட சொன்னேன், "ஏன்டா, நான் ஒரு டம்ளர் காப்பிக்கு பண்ணத அவன் 7,000க்கா பண்ணான்"னு கேட்டுட்டு இன்னிக்கு வரைக்கும் தெருவெல்லாம் சொல்லி சிரிச்சிட்டிருக்காங்க.